அசையாதே என்றவர்களும் அசை என்றவர்களும்

இரண்டாம் உலகப் போர்க் கால லண்டனில், தலைசுற்றலால் நிலையாக நிற்கக்கூட முடியாத நோயாளிகளுக்கு ஒரு புதிய வைத்தியம் தொடங்கியது. பந்து விளையாடுவதும் அதில் ஒரு பகுதி. நடுவில் ஒருவர் நிற்பார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நடப்பார்கள். அவர் வீசும் பெரிய பந்தைப் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். அந்த நிலைக்கு வருவதற்குள் அவர்கள் பல படிகளைக் கடந்திருப்பார்கள். முதலில் படுத்தபடியே கண்ணை மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஓட்டுவது. நீட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே அதை மூக்கருகே கொண்டுவருவது. தலையை முன்னும் பின்னும் சாய்ப்பது, இடமும் வலமும் திருப்புவது. எல்லாமே முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு. உட்கார்ந்து குனிந்து தரையிலிருக்கும் பொருளை எடுப்பது, கண்மூடி அறையைக் கடப்பது, படியேறி இறங்குவது என்று அது வளர்ந்துகொண்டே போகும்.

இதை வகுத்தவர்கள் இருவர். டெரன்ஸ் கோத்தோர்ன் காது மருத்துவர். எஃப். எஸ். குக்ஸி உடலியக்க மருத்துவர். அவர்களிடம் வந்தவர்களில் போரில் தலையில் அடிபட்டவர்கள் இருந்தார்கள். தீராத தலைசுற்றலுக்காக ஒரு பக்க உட்செவியையே அறுவையில் அழித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். தலைசுற்றுகிறவர் தலையை ஆட்டவே பயப்படுவார். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் சேர்த்தே திருப்புவார். வீட்டிலும் எல்லோரும் ‘பேசாமல் படு’ என்றுதான் சொல்வார்கள். அப்படிப் படுத்துக் கிடந்தவர்களைவிட, எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறுவதை கோத்தோர்னும் குக்ஸியும் கவனித்தார்கள். தலையசைவுப் பயிற்சிகளின் உடலியல் அடிப்படை பற்றி கோத்தோர்ன் 1944-இல் எழுதினார். உட்செவிக் காயங்களிலிருந்து மீள்வது பற்றிய குக்ஸியின் கட்டுரை 1946-இல் வந்தது. இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் சொல்லித்தரும் ‘கோத்தோர்ன்–குக்ஸி பயிற்சிகள்’ இவைதான்.

இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று புரிய, முந்தைய நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

தலைசுற்றல் காதில் தொடங்கலாம் என்பதே நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளில் இன்றும் ‘பித்தம் ஏறிவிட்டது’ என்று சொல்லி இஞ்சியையும் எலுமிச்சையையும் தேடுகிறோம். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது என்று நினைத்தார்கள். ஆகவே அட்டை விட்டார்கள், ரத்தத்தை வடித்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். ஏற்கெனவே வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும் ஆளுக்கு இதையெல்லாம் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே மனம் கூசுகிறது.

அந்த எண்ணத்தை உடைத்தவர் பாரிஸில் காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த ப்ராஸ்பர் மெனியேர். 1861 ஜனவரியில் பிரெஞ்சு மருத்துவ அகாதெமியில் அவர் ஒரு கட்டுரை படித்தார். தலைசுற்றல், காதிரைச்சல், கேள்விக்குறைவு மூன்றும் ஒன்றாக வரும் நோயாளிகளுக்குக் கோளாறு மூளையில் இல்லை, உட்செவியில் இருக்கிறது என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, 1820-களில், பியேர் ஃப்ளூரான்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்திருந்தார். எந்தக் குழலை வெட்டினாரோ அந்தக் குழல் கிடக்கும் தளத்திலேயே புறாவின் தலை ஆடியது. அந்தச் சோதனையும் மெனியேருக்குத் துணை நின்றது. கட்டுரை படித்த அடுத்த ஆண்டே மெனியேர் இறந்துபோனார். தன் பெயரை ஒரு நோய்க்கு வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.

1870-களில் எர்ன்ஸ்ட் மாக், யோசெஃப் பிராயர், அலெக்சாண்டர் க்ரம் பிரவுன் ஆகிய மூவர் தனித்தனியாக வேலைசெய்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு காதிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் மூன்று குழல்கள். உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த வேறுபாட்டை நரம்பு மூளைக்குச் சொல்லும். மூளை அதற்கேற்பக் கண்ணைத் திருப்பும். கண்ணும் காதும் இப்படிப் பிணைந்திருப்பதால்தான் தலைசுற்றும்போது கருவிழி ஒரு பக்கமாக நழுவி நழுவித் துடிக்கிறது. இந்தத் துடிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் அடுத்த நூறாண்டுக் கதையின் உயிர்.

படிக்கக் கற்றவர்களில் முதல்வர் என்று வியன்னாவின் ராபர்ட் பாரானியைச் சொல்லலாம். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அவரது அன்றாட வேலை. ஒருவர், தண்ணீர் போதிய சூடாக இல்லாவிட்டால் தனக்குத் தலைசுற்றுகிறது என்றார். மற்றொரு முறை தண்ணீர் மிகவும் சூடாக இருந்துவிட்டது. அப்போதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்ப்பக்கமாகத் துடித்தது. பாரானிக்குக் குளியலறைக் கொதிகலன் நினைவுக்கு வந்தது. அதில் சூடான நீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். காதின் குழலிலும் அதே ஓட்டம்தான் நடக்கிறது என்று அவர் ஊகித்தார். வெந்நீரும் குளிர்ந்த நீரும் ஊற்றிக் காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறை அப்படிப் பிறந்தது. 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் போர்க்கைதியாக ரஷ்யப் பேரரசின் மத்திய ஆசியப் பகுதியில், மெர்வ் முகாமில் இருந்தார். சுவீடன் இளவரசர் கார்ல் தலையிட்ட பிறகு 1916-இல் விடுதலையாகி, ஸ்டாக்ஹோம் போய்ப் பரிசை வாங்கினார். பிறகு சுவீடனின் உப்சாலாவிலேயே தங்கிவிட்டார்.

அங்கிருந்து 1921-இல் அவர் எழுதிய ஒரு நோயாளியின் குறிப்பு நம் கதைக்கு மிக முக்கியமானது. 27 வயதுப் பெண். வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் மட்டும் அவருக்குத் தலை சுற்றும். கருவிழி சுழன்று துடிக்கும். அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். உடனே மறுபடி வலப்பக்கம் திரும்பினால் ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரம் வேறு பக்கம் படுத்திருந்துவிட்டுத் திரும்பினால் மீண்டும் வரும்.

விடியற்காலையில் படுக்கையில் புரண்டபோது அறையே சுழன்றது, உயரத்திலிருந்த டப்பாவை எடுக்க அண்ணாந்தபோது தள்ளிவிட்டது, தலை குளிக்கக் குனிந்தபோது கிறுகிறுத்தது என்று நம்மூரில் சொல்பவர்களில் பலருக்கும் இருப்பது இந்தப் பெண்ணுக்கு இருந்த அதே தொல்லைதான். இன்றைய மருத்துவர்கள் இதை ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘பிபிபிவி’ என்பார்கள். தலையின் நிலை மாறும்போது திடீரென வந்து சில நொடிகளில் போகும், உயிருக்கு ஆபத்தில்லாத சுற்றல். வாழ்நாளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இதை அனுபவிக்கிறார்கள் என்று ஜெர்மனியில் நடந்த கணக்கெடுப்பு சொல்கிறது. வயது ஏற ஏற அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆபத்தில்லாதது என்று எழுதுவது எளிது. சுற்றுகிறவருக்கு அந்த இருபது நொடியும் உயிர் போய்வருவதுபோல்தான் இருக்கும். வயதானவர் அதில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அப்புறம் அது சின்ன விஷயம் இல்லை.

1952-இல் லண்டன் குயீன் ஸ்கொயர் மருத்துவமனையைச் சேர்ந்த மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் இப்படிப்பட்ட 100 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். டிக்ஸ் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். போர்க்கால விமானக் குண்டுவீச்சில் காயம்பட்டு அந்தப் பாதையை விட்டு இந்தத் துறைக்கு வந்தவர். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டெனப் பின்னால் சாய்த்துத் தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பது அவர்கள் முறை. எந்தக் காது கீழே இருக்கும்போது கண் துடிக்கிறதோ அந்தக் காதில் கோளாறு. எந்தக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் இந்த நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை. ஆனால் ஏன் அப்படிச் சுற்றுகிறது என்பது அப்போதும் விளங்கவில்லை.

விடையைத் தேடி இறந்தவர்களின் காதெலும்பை நுண்ணோக்கியில் பார்த்தவர் பாஸ்டனின் ஹெரால்ட் ஷுக்னெக்ட். நம் காதுக்குள், ஈர்ப்புவிசையை உணரும் ஒரு பையில், கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். வயதாலோ தலையில் அடிபட்டதாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ அவை உதிரும். உதிர்ந்த துகள் பின்பக்கக் குழலின் முனையிலிருக்கும் உணர்திரையில் ஒட்டிக்கொள்வதால் சுற்றுகிறது என்று ஷுக்னெக்ட் 1960-களில் சொன்னார். ஒட்டவில்லை, குழலுக்குள் மிதந்து திரிகிறது என்று கனடா மருத்துவர்கள் 1979-இல் திருத்தினார்கள். தலை சாய்ந்ததும் துகள்கள் சரிந்து திரவத்தை இழுக்கும். அதனால்தான் சுற்றல் சில நொடி தாமதித்துத் தொடங்குகிறது. அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிடுகிறது. பாரானி கண்ட பெண்ணுக்கு உடனே திரும்பவும் சுற்றாததன் காரணமும் இதுவே.

இப்படி நோய் புரிந்தபின்னும் வைத்தியம் எங்கே போனது என்பது வருத்தமானது. மருந்து கொடுத்து மூளையை மந்தமாக்கினார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு, 1970-களில், அந்தக் குழலிலிருந்து வரும் நரம்பை மட்டும் தேடி வெட்டும் நுட்பமான அறுவை வந்தது. 1990-இல் குழலையே அடைத்துவிடும் அறுவையும் வந்தது. துகள் இடம் மாறியிருக்கிறது என்றால் அதை மறுபடி அதன் இடத்துக்கு ஓட்டினால் போதுமே என்று ஒரு சிலர்தான் யோசித்தார்கள்.

முதலில் வந்தது வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி. ஜெர்மனியின் தாமஸ் பிராண்டும் அமெரிக்காவின் ராபர்ட் டாரஃபும் 1980-இல் அதை வெளியிட்டார்கள். கட்டில் விளிம்பில் உட்கார வேண்டும். முகத்தை ஒரு பக்கம் பாதி திருப்பி, எதிர்ப்பக்கமாகச் சட்டெனச் சாய்ந்து படுக்க வேண்டும். மூக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். சுற்றல் நிற்கும்வரை, அல்லது அரை நிமிடம், அப்படியே இருந்துவிட்டு எழுந்து உட்கார வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபக்கம். நாளுக்குப் பல தடவை, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சுற்றாமல் இருக்கும்வரை. தலைசுற்றும் என்று தெரிந்தே, அது சுற்றும் பக்கமாகவே வேண்டுமென்று சாய வேண்டும்! 67 பேரில் 66 பேருக்கு 3 நாளிலிருந்து 14 நாளுக்குள் குணம் தெரிந்தது என்று அவர்கள் எழுதினார்கள். துகளைத் திரையிலிருந்து உலுக்கிக் கழற்றுவதே அவர்கள் நோக்கம். காரணத்தைப் பாதிதான் சரியாகப் பிடித்திருந்தார்கள். ஆனாலும் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள்.

பிரான்ஸில் அலென் செமோன் என்ற இயன்முறை மருத்துவர் வேறு வழியில் போனார். நோயாளியை ஒரு பக்கம் சாய்த்து, அங்கிருந்து ஒரே வீச்சில் மறுபக்கம் கொண்டுபோய்ச் சாய்ப்பது அவருடைய முறை. 1988-இல் அவரும் சகாக்களும் 711 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டு தடவைக்குள் குணமானதாக அதில் இருந்தது.

இந்தக் கதையில் அதிகம் பாடுபட்டவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லாந்தில் தனியாக மருத்துவம் பார்த்துவந்த ஜான் எப்லி. சகா டொமினிக் ஹ்யூஸுடன் சேர்ந்து அரைவட்டக் குழல்களின் மாதிரியைச் செய்து, துகளை உள்ளே விட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினால் அது வெளியே உருண்டு வருகிறது என்று பார்த்தார். நோயாளியை டிக்ஸ்–ஹால்பைக் முறையிலேயே கோளாறுள்ள காது கீழே இருக்கும்படி சாய்ப்பது, தலையை மெதுவாக மறுபக்கம் திருப்புவது, பிறகு உடம்போடு உருட்டி மூக்கு தரையைப் பார்க்கும்படி செய்வது, கடைசியில் எழுப்பி உட்காரவைப்பது. ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் போல நிறுத்தினால், துகள் குழலின் வளைவைச் சுற்றிவந்து, கிளம்பிய பைக்கே போய்ச் சேரும். மொத்தம் ஐந்து நிமிடம்.

1980-இல் சக மருத்துவர்களின் மாநாட்டில் இதைக் காட்டினார். நம்பியவர்கள் சொற்பம். ஆண்டுக்கணக்கில் ஆட்டிப்படைத்த ஒரு நோய், யாரோ ஒருவர் தலையைத் திருப்பிவிட்டதும் போய்விடும் என்றால், படித்தவர்களுக்கு அது மந்திரவாதம் போலத்தான் தெரிந்திருக்கிறது. இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1992-இல்தான் அது அச்சேறியது. 30 நோயாளிகள், எல்லோருக்கும் கண்துடிப்பு நின்றது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பின்னாளில் திரும்ப வந்தது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். 1990-களில் அவர்மேல் மாநில மருத்துவ வாரியத்தில் புகார்கூடப் போனது. ஆண்டுகள் கழித்துத்தான் அதிலிருந்து விடுபட்டார். தன் முறையின் பலனை நாள்தோறும் நோயாளிகளின் முகத்தில் பார்த்துக்கொண்டே, அதைச் சகாக்கள் ஏற்பதற்காக ஒரு மனிதர் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, படுக்கவே பயந்து, நாற்காலியில் சாய்ந்து தூங்கிய நோயாளிகளை நினைத்தால் ஆதங்கம் அடங்குவதில்லை.

எப்லியின் கட்டுரை வந்த அதே 1992-இல், கனடாவின் லோர்ன் பார்ன்ஸும் ஜோசப் மெக்ளூரும் குழலை அடைக்கும் அறுவையின்போது உயிருள்ள நோயாளியின் குழலுக்குள் துகள்கள் மிதப்பதைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள். அதன்பின் மறுப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. ஒப்பீட்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 2008-இல் அமெரிக்காவின் காது மருத்துவர்கள் அமைப்பும் நரம்பியல் அமைப்பும் துகளை இடம் சேர்க்கும் இந்த முறையையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தன. தலைசுற்றல் மாத்திரைகளை இந்த நோய்க்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்பதும் அந்த நெறிகளில் உண்டு. நம் ஊரில் இந்தச் செய்தி இன்னும் பரவலாக வந்து சேரவில்லை. ‘கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது’ என்று பட்டை மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் மாத்திரையோடு திரிகிறவர்களில் ஒரு சிலருக்காவது ஐந்து நிமிட வேலை காத்திருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கோத்தோர்னும் குக்ஸியும் பழக்கியது மூளையை. ஒரு காது கெட்டுப்போனாலும் மற்றக் காதையும் கண்ணையும் காலின் உணர்வையும் வைத்துச் சமாளிக்க மூளைக்குக் கற்றுத்தருவது அது. வாரங்கள் ஆகும். எப்லியும் செமோனும் செய்தது துகளை நகர்த்துவது. பலன் உடனே தெரியும். துகளால் வரும் சுற்றலுக்குப் பந்தெறிந்தால் பெரிய பயன் இல்லை. நரம்பழற்சியில் ஒரு காதின் சமநிலையை இழந்தவரை எப்லி முறையில் எத்தனை தடவை உருட்டினாலும் ஒன்றும் ஆகாது. காணொளியைப் பார்த்துத் தானே செய்து, பலனில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். முதல் தடவை எந்த நோய், எந்தக் காது என்று மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லியாக வேண்டும். தலைசுற்றலோடு பேச்சு குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், கை கால் இழுத்தால், நடக்கவே முடியாமல் தள்ளினால், இதுவரை கண்டிராத தலைவலி வந்தால் அது பயிற்சிக்கான நேரமே இல்லை. பக்கவாதமாக இருக்கலாம், ஓடிப்போய் மருத்துவமனையில் சேர வேண்டும். கழுத்தெலும்பிலோ விழித்திரையிலோ கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

நோய் இன்னதென்று தெரிந்தவருக்கு வீடே போதும் என்று காட்டியது பெர்லினில் நடந்த ஆய்வு. 1999-இல் அங்குள்ள மருத்துவர்கள் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு பிராண்ட்–டாரஃப் பயிற்சியையும் மறு பிரிவுக்கு எப்லி முறையைத் தானே செய்துகொள்ளும் விதத்தையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். தலை தொங்குவதற்குக் கட்டில் விளிம்பு வேண்டாம். தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் போதும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பிராண்ட்–டாரஃப் பிரிவில் 23 சதவீதம் பேருக்கும், எப்லி பிரிவில் 64 சதவீதம் பேருக்கும் சுற்றல் போயிருந்தது. 2004-இல் செமோன் முறையோடு ஒப்பிட்டபோது எப்லி பிரிவின் பலன் 95 சதவீதம், செமோன் பிரிவில் 58. வீச்சாகச் சாய வேண்டிய செமோன் முறையைத் தனியாகச் சரிவரச் செய்வது கடினம் என்பதும் அதில் தெரிந்தது. 2012-இல் கொலராடோவின் கேரல் ஃபாஸ்டர் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைக்கும் ‘அரைக் குட்டிக்கரணம்’ முறையை வெளியிட்டார். இந்தத் தலைசுற்றலைத் தானே அனுபவித்த மருத்துவர் அவர். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது. கட்டிலில் சாயும்போது குமட்டல் தாங்காதவர்கள் சிலருக்கு அது கைகொடுக்கிறது.

தொல்லை திரும்பி வருவதை மட்டும் யாராலும் முழுக்க நிறுத்த முடியவில்லை. 2020-இல் தென்கொரியாவில் 957 பேரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது மறுவரவு சுமார் 24 சதவீதம் குறைந்தது. திரும்ப வந்தாலும் அதே ஐந்து நிமிடத்தைத் திரும்பச் செய்தால் சரியாகிவிடுகிறது. எப்லி தன் நோயாளிகளை, துகள் மறுபடி நழுவாதிருக்க, இரண்டு நாள் தலையை நிமிர்த்தியே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார், உட்கார்ந்தபடிதான் தூக்கம். அப்படி இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகளில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 2017-இல் திருத்தப்பட்ட அமெரிக்க நெறி அந்தக் கடைசி ‘அசையாதே’யையும் எடுத்துவிட்டது. இன்று இந்தச் சிகிச்சை முடிந்தவர் அன்றிரவே கட்டிலில் நீட்டிப் படுக்கலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரளலாம்.